மரத்துப்போகும் ஊசியில் இன்னொரு மருந்தும் சேர்க்கலாமா?

சோமனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தறி ஓட்டும் என் அப்பாவுக்கு வயது 61; சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, கோவையில் பிளேட் வைக்க இருக்கிறார்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு, வலி நெடுநேரம் தெரியாமலிருக்க வேறொரு மருந்தும் கொடுப்போம் என்கிறார் மயக்க மருந்து டாக்டர். சம்மதிக்கலாமா?"

சம்மதிக்கலாம், ஆனால் எந்த மருந்து, எந்த வழியாக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காறை எலும்புக்கு மேலே, ஸ்கேன் திரையில் கைக்குச் செல்லும் நரம்புக் கொத்தைப் பார்த்தபடி, மரத்துப்போகச் செய்யும் மருந்தான பூபிவக்கைன் அல்லது ரோபிவக்கைனைச் செலுத்தினால், ஏறத்தாழ அரை நாள் வலி தெரியாது. காலையில் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு இரவில், மரப்பு விலகும்போது, வலி திடுமென எழும். அந்த இரவைக் கடத்தவே துணை மருந்து.

துணை மருந்துகளுள் பெரிதும் பயன்படும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 4 முதல் 8 மில்லிகிராம் அளவில், வலியற்ற நேரத்தை மேலும் 6 முதல் 8 மணி நேரம் நீட்டக்கூடும். நரம்பருகே செலுத்த இம்மருந்துக்கு முறையான உரிமம் இல்லை. ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது. நெடுநாள் சர்க்கரையால் நரம்புகள் நலிந்திருக்கக்கூடும், அத்தகையவர்களுக்கு மரப்பு தானாகவே சற்றுக் கூடுதலாக நீடிப்பதும் உண்டு என்பதால், உங்கள் அப்பாவுக்கு ரத்தக்குழாய் வழியையே நான் விரும்புவேன். எவ்வழியானாலும் ஓரிரு நாள் சர்க்கரை ஏறலாம், அடிக்கடி பரிசோதியுங்கள்.

டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதியூட்டும் மருந்தும் வலியற்ற நேரத்தை நீட்டும். ஆனால் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கி, தூக்கக் கலக்கம் தரும். அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரிடம் இது கூடுதல் கவனம் கோருவதால், மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பூப்ரினார்பின் என்ற ஓபியாய்டு வகை வலி மருந்தைச் சேர்த்தால் குமட்டல் வரலாம்.

மருந்துத் தேர்வைவிட வீட்டுக் கவனிப்பைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். மரத்த கைக்குச் சூடும் வெட்டும் தெரியாது. கையைக் கழுத்தில் மாட்டும் தூளியில் தொங்கவிட்டு, உணர்வு முழுதாகத் திரும்பும்வரை அப்பாவைத் தறிப்பட்டறைப் பக்கமே விடாதீர்கள். கட்டு இறுகினாலும் வலி காட்டிக்கொடுக்காது. ஆகவே விரல்கள் வெளிறுகின்றனவா, நீலம் பாய்கின்றனவா, வீங்குகின்றனவா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். மரப்பு விலகி விரல் நுனியில் குறுகுறுப்பு தொடங்கும்வரை காத்திராமல், டாக்டர் எழுதிய வலி மாத்திரையை உறங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். விரல் நிறம் மாறினால் உடனேயும், 48 மணி நேரமாகியும் உணர்வு திரும்பாவிட்டால் தாமதிக்காமலும் மருத்துவமனையை அழையுங்கள்.