பொறுமை எங்கே நழுவுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாமியார் படுக்கையில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சில நாள் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு, பிறகு அழுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் (சாமியாரிடம் பாவ அறிக்கை செய்வதில்) மாதாமாதம் இதையேதான் சொல்கிறேன், சாமியாருக்கே அலுத்திருக்கும். ஆண்டவர் எனக்கு மட்டும் ஏன் பொறுமை தரவில்லை?
– வாசகி, குன்னூர்

பதில்: முதலில் 1 அரசர்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். "என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடிக்கு அடியில் படுத்துவிட்ட இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் புத்திமதி சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் ஆண்டவர் மெல்லிய ஒலியில் பேசியது அதற்குப் பிறகுதான். தூக்கமும் சாப்பாடும் இல்லாத உடம்போடு பொறுமைக்காக மட்டும் வேண்டுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் ஆத்தும சோதனை. புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த முறை. அன்று கிடைத்த ஒரு நல்லதற்கு நன்றி சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேளுங்கள். காலையிலிருந்து மணி வாரியாக நாளைப் புரட்டுங்கள். தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கு ஒரே ஒரு தீர்மானம் எடுங்கள். பலரும் சறுக்குவது மூன்றாவதில். நேராகப் பாவத்துக்குப் போய், 'கத்திவிட்டேன்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது – இதை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். வார முடிவில் ஒரே மணி திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஐப்பசி மாதத்து மழையிலும் மூடுபனியிலும் குன்னூரில் துணி காயாது. மாற்று விரிப்பு இல்லாத காலையில்தான் சத்தம் அதிகம் என்று தெரிந்தால், உங்களுக்கு உடனே வேண்டியது இன்னும் இரண்டு விரிப்பும் ஒரு ரப்பர் ஷீட்டும்தான். அதையும் ஆண்டவரிடம் கேட்கலாம், கணவரிடமும் கேட்கலாம்!

அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக்குழுவில்) வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்காகச் செபியுங்கள்" என்றால் செபிப்பார்கள், அவ்வளவுதான். "வியாழன் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை யாராவது அம்மா பக்கத்தில் உட்கார முடியுமா?" என்று கேட்டால் ஆள் வரும். கத்திய நாளில், பொழுது சாய்வதற்குள் மாமியாரிடம் "கோபப்பட்டுட்டேன்மா, மன்னிச்சிருங்க" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். ஏன் கத்தினீர்கள் என்ற விளக்கம் வேண்டாம். அதில்தான் அடுத்த சண்டை ஆரம்பிக்கும்.

கேள்வி: இலை விலை படுத்துவிட்டது. காலையில் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் கடன் கணக்கு ஓடுகிறது. 'கவலைப்படாதே' என்ற வசனத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: கணக்கை விரட்டாதீர்கள், அதையே ஜெபமாக்குங்கள். பிலிப்பியர் 4:6 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்பதோடு முடியவில்லை. விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. காலண்டர் அச்சடிப்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் கையில் இருப்பவை: இலை முற்றுவதற்குள் பறிப்பது, தவணை நாளுக்கு முன்பே வங்கியில் போய்ப் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதுங்கள். வலப்பக்கம் ஏல விலை, உறைபனி, மழை. அவற்றைத் தேவனிடம் சத்தமாக வாசியுங்கள், முறையிடும் தொனியிலேயே. 13-ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனமும் 'எதுவரைக்கும்' என்ற முறையீடு, அடுத்த இரண்டு வேண்டுதல், நம்பிக்கை வருவது ஐந்தாவதில்தான். நேராக ஐந்தாவதுக்குத் தாவினால் வாய் துதிக்கும், மனசு கடன்காரனிடம் நிற்கும். 88-ஆம் சங்கீதமோ கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுகிறவனை யாக்கோபு 5:7 காட்டுகிறது. இஸ்ரவேல் நாட்டில் முன்மாரி விதைப்புக் காலத்தில், பின்மாரி அறுப்புக்கு முன் பங்குனி வாக்கில். நடுவில் அவன் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கவாத்து வெட்டிய தோட்டத்தில் இலை இல்லாத மாதங்களிலும் நீங்கள் களை எடுக்கிறீர்களே, அந்த மாதிரிக் காத்திருத்தல்தான்.

கேள்வி: மே சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் வண்டி நகராது. டூரிஸ்ட்டுகள் நச்சரிப்பார்கள். வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது.
– டாக்ஸி ஓட்டுநர், கொடைக்கானல்

பதில்: மூச்சை இழுக்கும்போது "ஆண்டவராகிய இயேசுவே, தேவகுமாரனே"; விடும்போது "பாவியாகிய என்மேல் இரங்கும்." கீழைத் திருச்சபைத் துறவிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் ஜெபம். விடும் மூச்சு இழுத்ததைவிட நீளமாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டபின், கண் திறந்தபடி. கோபம் தலைக்கேறிய பிறகு முதன்முறையாக முயன்றால் வராது. வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். வண்டி எடுக்கும் முன் "இன்னைக்கு ஒரு மணி நேரம் கூட ஆகும் சார்" என்று சொல்லிவிட்டால் பாதி நச்சரிப்பு குறையும். அதற்கு ஜெபம்கூடத் தேவையில்லை.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "பொறுமையாய் ஜெபம்பண்ணு, கர்த்தர் மாற்றுவார்" என்கிறார்கள் சபையில்.
– வாசகி, கூடலூர்

பதில்: அடிபடுவது பொறுமை ஆகாது. கன்னத்தில் அறைந்த சேவகனைப் பார்த்து இயேசு "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23). வாரினால் அடிக்கக் கட்டியபோது பவுல் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). கணவருக்காக ஜெபியுங்கள்; அதைப் பாதுகாப்பான வீட்டிலிருந்து செய்யுங்கள். பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இன்றே கொடுத்துவையுங்கள்.