லைம் நோய்க்குக் கொலஸ்ட்ரால் பவுடரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உண்ணி கடித்துக் கிருமி தொற்றி வரும் லைம் நோய் பற்றிய கேள்விகளில், கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் கொலஸ்டிரமின் என்ற பவுடரின் பெயர் அடிக்கடி தலைகாட்டுவதால், அது தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆன்டிபயாட்டிக் முடித்து ஐந்து மாதமாகியும் சோர்வும் மூட்டுவலியும் விடவில்லை. மருத்துவர் கொலஸ்டிரமின் பவுடர் எழுதித் தந்திருக்கிறார். எனக்குக் கொலஸ்ட்ராலே இல்லை, இது எதற்கு?

முதலில் ஒன்று, உங்கள் சோர்வும் வலியும் கற்பனை இல்லை. சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இருக்கிறார்கள். யாராவது "எல்லாம் மனசுதான்" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது மருந்துக்கு வருவோம். கொலஸ்டிரமின் ஒரு பிசின். ரத்தத்தில் சேராது, குடலிலேயே தங்கி, பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். சாதாரணமாகப் பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிப் போகும். அந்தத் திரும்பும் வழியை இது அடைத்துவிடுவதால் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கிறது, அளவு குறைகிறது. லைம் நோய்க்கு இதைத் தருகிறவர்களின் வாதம் என்னவென்றால், கிருமி விடும் நச்சும் இதே பித்தச் சுற்றில்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது, பிசின் அதையும் பிடித்து வெளியேற்றிவிடும் என்பது.

இந்த யோசனை வானத்திலிருந்து குதித்ததல்ல. 1975-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ஹோப்வெல்லில் கெப்போன் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்கு நடுக்கமும் நரம்புப் பாதிப்பும் வந்து ஆலையே மூடப்பட்டது. அவர்களுக்கு இதே பிசினைக் கொடுத்தபோது நஞ்சு மலத்தில் அதிகமாக வெளியேறியது, 1978-இல் அந்த முடிவுகள் வெளியாகின. ஆனால் அங்கே நஞ்சு எது என்று தெரியும், அதை ரத்தத்திலும் பித்தத்திலும் மலத்திலும் அளந்து பார்த்தார்கள். லைம் நோயில் அப்படி அளந்து காட்டிய நச்சு எதுவும் இல்லை. லைம் நோயை உண்டாக்கும் போரேலியா பர்க்டார்ஃபெரி என்ற கிருமியின் மரபணு வரிசை 1997-லேயே முழுதாகப் படிக்கப்பட்டுவிட்டது, அடையாளம் காணத்தக்க நச்சு மரபணு எதுவும் அதில் தென்படவில்லை. கிருமியின் செல்சுவர்த் துணுக்குகள் சிலருடைய மூட்டுத் திரவத்தில் தங்கி வீக்கத்தைத் தூண்டுகின்றன என்பது உண்மை, ஆனால் அவை இருப்பது மூட்டில், பிசின் இருப்பது குடலில். இது லைம் நோய்க்குப் பலன் தருகிறது என்று காட்டிய முறையான ஒப்பீட்டுச் சோதனையும் கிடையாது. மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: எந்த நச்சு, எப்படி அளந்தீர்கள், எத்தனை வாரத்தில் பலன் இல்லாவிட்டால் நிறுத்துவோம்?

கேள்வி: லைம் நோய்க்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். கூடவே இந்தப் பவுடரையும் சாப்பிடலாமா?

வேண்டாம். இந்தத் தொகுப்பில் நான் ரொம்பக் கவலைப்படும் கேள்வி இதுதான். பவுடர் பித்த அமிலத்தை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை, பக்கத்தில் வரும் மருந்துகளையும் சேர்த்துப் பிடிக்கும். டெட்ராசைக்ளின் உறிஞ்சப்படுவதை அது குறைக்கும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது, டாக்ஸிசைக்ளினும் அதே குடும்பம். மற்ற மருந்துகளைப் பவுடருக்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும் என்பது விதி. பவுடரைக் காலை 7, பகல் 12, மாலை 5, இரவு 10 என்று நான்கு வேளை குடிக்கச் சொல்லியிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலை 6 மணிக்கு மாத்திரை போட்டவர் 12 மணி நேரம் கழித்து மாலை 6 மணிக்கு அடுத்ததைப் போட முடியாது, 5 மணிப் பவுடர் அப்போது வயிற்றில் இருக்கிறது. 4 மணிக்குப் போடலாம், ஆனால் அரை மணி தவறினாலும் விதி உடையும். ஆரம்பநிலை லைம் நோயை 10 நாள் டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் குணப்படுத்திவிடும். அந்தப் பத்து நாளில் மருந்து முழு அளவில் உடம்பில் சேர வேண்டும், அதில் ஒரு பங்கை ஒரு பிசினுக்குத் தாரை வார்த்தால் நோய் நரம்புக்கும் மூட்டுக்கும் பரவ நீங்களே வழிவிடுகிறீர்கள்.

கேள்வி: பவுடர் குடித்ததிலிருந்து வயிறு உப்புசம், குமட்டல், உடம்பு இன்னும் மோசம். நச்சு வெளியேறும் அறிகுறி, தாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

தாங்கிக்கொள்ள வேண்டாம். கிருமிகள் சாகும்போது காய்ச்சலும் குளிரும் வருவது உண்டு, ஆரம்பநிலை லைம் நோயாளிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்கு வரும். ஆனால் அது ஆன்டிபயாட்டிக் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் வந்து சீக்கிரமே அடங்கிவிடும். இந்தப் பிசின் கிருமியைக் கொல்வதே இல்லை. உப்புசம், குமட்டல், மலச்சிக்கல் எல்லாம் இந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்க விளைவுகள். மோசமானால் "வேலை செய்கிறது", நன்றானாலும் "வேலை செய்கிறது" என்றால் அந்த மருந்தை எப்போதுதான் நிறுத்துவது? அப்புறம், பவுடரை உலர்வாக வாயில் போட்டுக்கொள்ளவே கூடாது, நன்றாகத் தண்ணீரில் கலக்கித்தான் குடிக்க வேண்டும்.

கேள்வி: அங்கீகரிக்காத நோய்க்கு ஒரு மருந்தைத் தருவது சட்டவிரோதம் இல்லையா?

இல்லை. மருத்துவர்கள் தினமும் செய்வதுதான். பித்த அமிலத்தால் வரும் வயிற்றுப்போக்குக்கு இதே கொலஸ்டிரமினை அப்படித்தான் தருகிறார்கள், நன்றாகவே கேட்கும். லெஃப்லுனமைடு என்ற மூட்டுவாத மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றவும் 11 நாள் கொடுப்பார்கள். அங்கெல்லாம் பிடிக்க வேண்டிய பொருள் எது என்று தெரியும்.

கேள்வி: அம்மா ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். அவருக்கு இது சரிவருமா?

மருத்துவரிடம் பேசாமல் ஒரு பாக்கெட்கூடத் திறக்காதீர்கள். இரண்டு மாத்திரைகளையும் இது பிடித்துக்கொள்ளும். நாள்பட்டால் வைட்டமின் கே குறைந்து ரத்தக்கசிவு வரலாம், ஆகவே வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

கேள்வி: கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை லைம் கிருமியைக் குறைக்கும் என்று படித்தேன்.

எலிகளில். போரேலியாவுக்குச் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தெரியாது, நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, ஆகவே ஆராய்ச்சியாளர்களின் ஆர்வத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் மனிதர்களுக்கு லைம் சிகிச்சையாக ஸ்டாட்டின் தர அது போதாது.

கேள்வி: மூன்று மாதமாகக் குடிக்கிறேன், கொஞ்சம் தேவலை போலிருக்கிறது. நிறுத்தவா?

தேவலையானதில் எனக்கும் மகிழ்ச்சிதான். மாதங்கள் போகப்போகப் பலருக்கு இந்தச் சோர்வு தானாகவே குறையும், அதனால் காரணம் பவுடர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கு இருந்து அது நின்றிருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அது பித்த அமிலப் பிரச்சினையாக இருக்கலாம். மற்றபடி மருத்துவரிடம் கேட்டு நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வேறு மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அதன் அளவை அப்போது மாற்ற வேண்டியிருக்கும், அதையும் சேர்த்தே கேளுங்கள். தொடர்வதாக முடிவெடுத்தால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, வைட்டமின் டி, ரத்தம் உறையும் நேரம் இந்த மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். ட்ரைகிளிசரைடு ஏற்கெனவே அதிகமுள்ளவர்களுக்கு இந்தப் பவுடர் அதை இன்னும் ஏற்றிவிடும்.