குடுவைச் செடியைக் கல் கலவைக்கு மாற்றுவது: கேள்வி பதில்

ஓசூர் வாசகி: அக்கா, நர்சரியில் வாங்கிய நெப்பந்தஸ் (குடுவையில் பூச்சி பிடித்துத் தின்னும் செடி) தேங்காய் நார்த்தூளில் இருக்கிறது. தொட்டியின் அடி சகதியாகி நாற்றம் வருகிறது. மாற்றலாமா?

உடனே மாற்றுங்கள். நார்த்தூளும், சிலர் நடப் பயன்படுத்தும் ஸ்பேக்னம் பாசியும் நாளடைவில் மக்கி இறுகிவிடும். காற்றுப் புகாத இடத்தில் வேர் அழுகும். ப்யூமிஸ் (துளை நிறைந்த நுரைக்கல்), பெர்லைட் (சூட்டில் பொரித்த லேசான வெள்ளைக் கல்மணி), எரிமலைக்கல், சுட்ட களிமண் உருண்டை ஆகியவை மக்குவதில்லை. நான் ப்யூமிஸ் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, சிறிய களிமண் உருண்டை ஒரு பங்கு சேர்க்கிறேன். பெர்லைட்டை நனைத்த பிறகே கையாளுங்கள். அதன் தூசி மூச்சுக்கு ஆகாது.

பாலக்கோடு: வேர் முழுவதும் கறுப்பாக இருக்கிறது. செடி போய்விட்டதா அம்மா?

இல்லை. நெப்பந்தஸ் வேரின் நிறமே அதுதான். விரலால் தொட்டுப் பாருங்கள். அழுகிய வேர் மசிந்து தோல் உரியும். நல்ல வேர் கம்பிபோல் விறைப்பாக இருக்கும். ஆனால் எளிதில் ஒடியும், ஆகவே இழுக்காதீர்கள். வாளி மழைநீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, மெல்ல ஆட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் நார்த்தூள் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பென்னாகரம்: ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றலாமா?

கூடாது. கலவையைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால் தண்ணீரைப் பற்றி ஒருவர்தான் கேட்கிறார். செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. செடிக்கு எமன் ஃபுளோரைடு மட்டுமல்ல, கரைந்திருக்கும் மொத்த உப்பும். ப்யூமிஸின் துளைகளில் அது வெள்ளையாகப் படிந்து வேரைக் கருக்கும். அந்த உப்பின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி, 100 தாண்டினால் வேண்டாம். மழைநீரைப் பிடித்து வையுங்கள், இல்லையேல் ஆர்.ஓ. நீர். கேன் தண்ணீரை அளக்காமல் நம்பாதீர்கள். சுவைக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். மாதம் ஒருமுறை அடித்துளை வழியே தாராளமாக ஓடும்படி மேலிருந்து ஊற்றிக் கலவையைக் கழுவுங்கள்.

கிருஷ்ணகிரி: இங்கே கிரானைட் சில்லுக்குப் பஞ்சமே இல்லை. அதையே போட்டால் என்ன?

கெடுதல் இல்லை, ஆனால் அது நீரைப் பிடித்துவைக்காது. உயரமான செடி சாயாமலிருக்க அடியில் ஒரு பிடி போடலாம். கல் பட்டறையில் அள்ளினால் பளிங்குச் சில்லும் கலந்திருக்கலாம், அதன் சுண்ணாம்பு செடிக்கு ஆகாது. ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அந்தக் கல்லைத் தூக்கி எறியுங்கள்.

தேன்கனிக்கோட்டை: கல்லில் சத்தே இல்லையே, உரம்?

குடுவைக்குள் எறும்போ சிறு பூச்சியோ போதும். இறைச்சித் துண்டு போடாதீர்கள், குடுவையே அழுகிவிடும்.

அரூர்: மாற்றி நட்டேன், குடுவைகள் எல்லாம் காய்கின்றன. பயமாக இருக்கிறது அக்கா.

காயட்டும். குடுவையைப் பார்க்காதீர்கள், குருத்தைப் பாருங்கள். அது பச்சையாக இருக்கும்வரை செடி பிழைத்திருக்கிறது. இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்து, மேலே பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஈரப்பதம் காக்கவும். சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். புரட்டாசி, ஐப்பசி மழைக்காலம் ஏற்றது. ஊற்ற நல்ல தண்ணீரும் அப்போது வானத்திலிருந்தே கிடைக்கும்.

ஊத்தங்கரை: மேகாலயக் காட்டிலிருந்து எடுத்த காசியானா என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் இனம் அது ஒன்றுதான்; அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பது. நாற்றங்காலில் வளர்த்த செடி என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.