சங்க நூல்களை மேற்கோள் காட்டும் முறை: கேள்வி பதில்

*செவ்வியல் தமிழில் ஆய்வுக் கட்டுரையும் ஆய்வேடும் எழுதுவோர் கேட்டவற்றுக்கான பதில்கள்.*

கேள்வி: புறநானூற்று வரிக்குப் பாட்டு எண், அடி எண் கொடுத்திருந்தேன். பக்க எண் எங்கே என்கிறார் நெறியாளர். எது சரி, ஐயா?

பாட்டு வரிக்கு உங்கள் முறைதான் சரி. (புறம். 192:1) என்றால் எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவரும் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற அடிக்கு வந்துவிடுவார். பக்க எண் ஒரே ஒரு பதிப்புக்குத்தான் உதவும். ஆனால் உரை, முன்னுரை, பதிப்பாசிரியர் குறிப்பு இவற்றிலிருந்து எடுத்தால் பக்க எண் கட்டாயம். நெறியாளர் கேட்டது அதைத்தானா என்று பாருங்கள். பல ஆய்வேடுகளில் பாட்டையும் உரையையும் சேர்த்து எடுத்துவிட்டு, பாட்டு எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள்.

கேள்வி: நூற்பெயர்களை எப்படிச் சுருக்குவது?

நற்., குறுந்., ஐங்., பதிற்., பரி., கலி., அகம்., புறம். என்பவை எட்டுத்தொகைக்குப் பழகிய சுருக்கங்கள். பத்துப்பாட்டில் கவனம் வேண்டும். 'குறிஞ்சி' என்று மட்டும் போட்டால் திணையா பாட்டா என்று தெரியாது, குறிஞ்சிப். என்று எழுதுங்கள். முல்லைப்பாட்டுக்கும் அப்படியே. ஏட்டின் தொடக்கத்தில் சுருக்கக் குறியீட்டு விளக்கம் ஒரு பக்கம் வைத்துவிட்டால், பிறகு விரித்து எழுத வேண்டாம்.

கேள்வி: 'குறிஞ்சிக்கலி 15' என்று ஒரு நூலிலும் 'கலி. 51' என்று இன்னொன்றிலும் இருக்கிறது. இரண்டும் வேறு பாட்டா?

ஒரே பாட்டுத்தான்: 'சுடர்த்தொடீஇ கேளாய்'. கலித்தொகையில் 1 கடவுள் வாழ்த்து, 2 முதல் 36 வரை பாலை, 37 முதல் 65 வரை குறிஞ்சி, 66 முதல் 100 வரை மருதம், 101 முதல் 117 வரை முல்லை, 118 முதல் 150 வரை நெய்தல். குறிஞ்சியின் எண்ணோடு 36 கூட்டினால் தொடர் எண் வந்துவிடும். தொடர் எண்ணையே பயன்படுத்துங்கள்.

பதிற்றுப்பத்தில் இது இன்னும் வம்பு. சிலர் இரண்டாம் பத்தின் முதற்பாட்டை 2:1 என்பார்கள். உங்கள் ஏட்டில் 192:1 என்பது பாட்டும் அடியும் என்றால், 2:1 என்பதை 'இரண்டாம் பாட்டு, முதல் அடி' என்றுதான் படிப்பார்கள். அப்படி ஒரு பாட்டு நம்மிடம் இல்லை. முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கிடைத்தவை 11 முதல் 90 வரை. ஆகவே அந்தப் பாட்டைப் பதிற். 11 என்றும், அதன் முதல் அடியைப் பதிற். 11:1 என்றும் போடுங்கள். இதேபோல் புறம். 267, 268 என்று எங்காவது மேற்கோள் வந்தால் அச்சுப்பிழை என்று உடனே சந்தேகப்படலாம். அந்த இரு பாட்டும் கிடைக்கவில்லை.

கேள்வி: தொல்காப்பிய நூற்பா எண் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. எதைத்தான் நம்புவது?

எண் ஆளாளுக்கு மாறுவது உரையாசிரியரால். ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார். 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்ற நூற்பா இளம்பூரணர் உரையில் அகத்திணையியல் 56, நச்சினார்க்கினியரில் 53. எண்ணை மட்டும் கொடுத்தால் படிப்பவர் வேறு நூற்பாவில் போய் நிற்பார்.

எழுத வேண்டியது இப்படி: தொல். பொருள். அகத். 56 (இளம்.). அதிகாரம், இயல், எண், உரையாசிரியர் என நான்கும் வேண்டும். இயலை விட்டு 'தொல். பொருள். 56' என்றால், எண் இயலுக்குள் எண்ணியதா அதிகாரம் முழுக்கத் தொடர்ந்து வருவதா என்ற கேள்வி எழும். அகத்திணையியல் முதல் இயல் என்பதால் அங்கே தப்பித்துவிடுவீர்கள், மற்ற இயல்களில் மாட்டிக்கொள்வீர்கள். நூற்பாவின் முதற்சொற்களையும் ஒருமுறை கட்டுரைக்குள் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. மெய்ப்பாட்டியலுக்கு '(நச்.)' என்று அடிக்குறிப்பு வந்தால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். பொருளதிகாரத்தில் முதல் ஐந்து இயலுக்கும் செய்யுளியலுக்கும்தான் நச்சினார்க்கினியர் உரை கிடைக்கிறது. மெய்ப்பாட்டியல் முதலான கடைசி நான்குக்கும் பேராசிரியர் உரை உண்டு. செய்யுளியலுக்கு இருவர் உரையும் இருப்பதால், அங்கே யாருடையது என்று சொல்லாமல் விடவே கூடாது.

கேள்வி: குறளுக்கு அதிகாரமும் போட வேண்டுமா?

வேண்டாம். 'குறள் 396' போதும். 40ஆம் அதிகாரத்தின் 6ஆம் குறள் என்று எண்ணிலேயே தெரிகிறது. ஆனால் அதிகாரத்துக்குள் குறள் வரிசை மணக்குடவரிடம் ஒருவிதம், பரிமேலழகரிடம் ஒருவிதம். மணக்குடவர் பதிப்பைப் பார்த்து எழுதினால், பரிமேலழகர் எண்ணுக்கு மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: பாட்டை இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டலாமா? வரி நீளமாக இருந்தால் நடுவில் புள்ளி வைக்கலாமா?

ஒட்டுங்கள், ஆனால் அச்சுப் பதிப்போடு அடி அடியாக ஒப்பிட்ட பிறகு. இணையத்தில் பெரும்பாலும் சொல் பிரித்த பாடம் கிடைக்கும். 'யாயும் ஞாயும் யார் ஆகியரோ' என்று அங்கே இருப்பது சீர் பிரித்த பதிப்பில் 'யாயு ஞாயும் யாரா கியரோ' (குறுந். 40:1). இரண்டில் எதையும் எடுக்கலாம். ஒரே ஏட்டில் இரண்டையும் கலக்கக் கூடாது. யாப்பைப் பற்றிப் பேசும் இயலில் மட்டும் சீர் பிரித்ததே வேண்டும். நீங்களே சொல் பிரித்தால் முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

புள்ளி விஷயம் நல்ல கேள்வி. புறநானூற்றின் பிற்பகுதியில் சுவடி சிதைந்த இடங்களைப் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் விட்ட சொற்களுக்கும் வெறும் புள்ளி வைத்தால், சுவடி சிதைந்ததா நீங்கள் சுருக்கியதா என்று தெரியாது. உங்கள் புள்ளிகளைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள்: [...]. பதிப்பில் உள்ளவை அடைப்பில்லாமல் அப்படியே இருக்கட்டும்.

மூன்று அடி வரை பத்திக்குள் சாய்கோடிட்டுத் தரலாம். அதற்கு மேல் போனால் தனிப் பத்தியாக, இடம் விட்டு, மேற்கோள் குறி இல்லாமல்.

கேள்வி: செங்குட்டுவன் பத்தினிக்குக் கல் கொண்டதற்குப் 'பதிற். 5ஆம் பத்து' என்று சான்று காட்டினேன். தேர்வாளர் அடித்துவிட்டார். ஏன்?

அந்தச் செய்தி ஐந்தாம் பத்தின் பதிகத்தில், அதாவது பத்தின் அரசனையும் புலவரையும் அறிமுகப்படுத்தும் தனிப்பகுதியில், இருக்கிறது. பரணரின் பத்துப் பாட்டுகளில் (41–50) இல்லை. பதிகம் பின்னால் சேர்ந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆகவே 'பதிற். 5ஆம் பத்து, பதிகம்' என்று பிரித்துக் காட்ட வேண்டும். அகம், புறப் பாடல்களின் அடியில் வரும் திணை, துறை, பாடியவர் குறிப்புக்கும் இதே விதிதான். அதிலிருந்து எடுத்தது என்றால் '(புறம். 192, அடிக்குறிப்பு)' போல வெளிப்படையாகச் சொல்லுங்கள். தேர்வாளர் செய்தது நியாயம்.

கேள்வி: துணைநூற் பட்டியலில் புறநானூற்றை யார் பெயரில் போடுவது?

தொகை நூல் என்பதால் நூற்பெயரில் தொடங்கி, பிறகு பதிப்பாசிரியர்: புறநானூறு, உ.வே. சாமிநாதையர் (ப.ஆ.). முதற்பதிப்பு 1894, நீங்கள் பார்த்தது மறுபதிப்பு என்றால் இரண்டு ஆண்டும் வேண்டும். மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், அந்தப் பாடம் அப்போதுதான் தீர்மானிக்கப்பட்டது போலத் தோன்றும்.

கேள்வி: முந்தைய அடிக்குறிப்பில் வந்த அதே நூல் என்று சுட்ட 'மேலது' பயன்படுத்தலாமா?

கடைசிப் படி அச்சுக்குப் போகும்வரை வேண்டாம். நெறியாளர் சொன்னார் என்று நடுவில் ஓர் அடிக்குறிப்பைச் செருகினால், அடுத்து நிற்கும் 'மேலது' புதிய நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். கணினி எண்ணைத் திருத்தும், இதைத் திருத்தாது. நூலின் சுருக்கப் பெயரையே ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள்.