டியூப்லெஸ் சைக்கிளில் 200 கிலோமீட்டர்: பஞ்சருக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு என் சைக்கிளில் 700x32 டியூப்லெஸ் டயர் மாட்டினேன். இதுவரை ஒரு முறைகூட பஞ்சர் ஆகவில்லை. அடுத்த மாதம் முதல் முறையாக 200 கிலோமீட்டர் பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) போகிறேன். மானாமதுரை வழியாகப் பரமக்குடி தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். கூட வருகிறவர்கள் டியூப் எடுத்து வரச் சொல்கிறார்கள். டியூப்லெஸ்ஸுக்கு எதற்கு டியூப்? வேறென்ன எடுத்துப்போக வேண்டும்? வழியில் பஞ்சர் கடையில் பார்த்துக்கொள்ள முடியாதா?

பதில்: பஞ்சரே ஆகவில்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதுரைச் சாலைகளில் ஆறு மாதம் ஓடிய டயர் முள் வாங்காமல் இருந்திருக்காது. பலமுறை பஞ்சர் ஆகியிருக்கும், உள்ளே இருக்கும் சீலண்ட் அதை அடைத்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். டியூப்லெஸ்ஸின் அருமையும் அபாயமும் இதுவே. சின்னப் பஞ்சரையெல்லாம் அது நம்மிடமிருந்து மறைத்துவிடும். அதனால் நாம் சந்திக்கப்போகும் முதல் பஞ்சரே பெரியதாக இருக்கும், அதைக் கையாண்ட பழக்கமும் நமக்கு இருக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'ஆறு மாதம்' என்ற சொல். பெரும்பாலான சீலண்டுகளுக்கு அடிப்படை ரப்பர் பால்தான். அதில் நுண்ணிய துகள்களைக் கலந்திருப்பார்கள். ஓட்டை விழுந்ததும் வெளியே பீறிடும் காற்று இந்தப் பாலையும் இழுத்து வரும். துகள்கள் ஓட்டையில் சிக்க, பால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பாலில் உள்ள ஈரம் நாளாக நாளாக வற்றும், வெயில் காலத்தில் வேகமாகவே வற்றும். குளிர் நாட்டில் ஆறு மாதம் தாங்கும் சீலண்ட் நம் ஊரில் இரண்டு மூன்று மாதத்தில் டயரின் உட்சுவரில் தோலாகப் படிந்துவிடும். நடுவில் ஊற்றவே இல்லையென்றால், இப்போது நீங்கள் ஓட்டுவது கிட்டத்தட்ட வெறும் டயரைத்தான்.

ஆகவே முதல் வேலை வீட்டில். இந்த வாரமே டயரைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த ரப்பர் உருண்டைகளை எடுத்துப் போடுங்கள். பிறகு ஒரு பழைய துணியை டயரின் உட்புறம் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். துணி எங்கெல்லாம் சிக்குகிறதோ அங்கெல்லாம் ஒரு முள் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். நான் ஒருமுறை இப்படித் திறந்தபோது ஒரே டயரில் பதினொரு முள் இருந்தது. ஒன்றுக்குக்கூட நான் வண்டியை நிறுத்தியதில்லை.

நீங்கள் போகும் பாதையின் ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து முள் சாலை விளிம்புக்கு வந்துவிடும். இன்னொன்று நெருஞ்சி. அமெரிக்காவின் மேற்குப் பகுதிச் சைக்கிள்காரர்கள் 'பஞ்சர் கொடி' என்று அஞ்சுவதும் இதே செடியைத்தான். நெருஞ்சியின் ஓட்டை சிறியது, சீலண்ட் எளிதாக அடைத்துவிடும். கருவேல முள் நீளமாக, தடிப்பாக இருப்பதால் சில சமயம் பிளக் (ஓட்டைக்குள் செருகும் ரப்பர் திரி) கேட்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயரிலிருந்து உதிர்ந்து கிடக்கும் மெல்லிய கம்பி இழைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடி போல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

முள்ளையெல்லாம் சிறிய இடுக்கியால் பிடுங்கிவிட்டு டயரை மாட்டி, 32 மி.மீ. டயருக்குச் சுமார் 50 மி.லி. புதுச் சீலண்ட் ஊற்றுங்கள். காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றி, இரு பக்கமும் படுக்கவைத்து எடுத்தால் பழைய ஓட்டைகள் அடைந்துவிடும். மறுநாள் காலையிலும் காற்று நிற்கிறதா என்று பாருங்கள். இதன் பிறகு கோடையில் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சோதித்தால் போதும், டயரைக் கழற்ற வேண்டியதில்லை. காற்றை இறக்கி, வால்வின் உள்திருகைக் கழற்றி, வால்வு அடிப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். நுனி நனையாமல் வந்தால் ஊற்ற வேண்டிய நேரம்.

அடுத்தது சாலையில். ஓடிக்கொண்டிருக்கும்போது 'உஸ்' என்று சத்தம் கேட்டு, காலில் வெள்ளையாகத் தெறித்தால் நிறுத்துங்கள். முள் தெரிந்தால் உடனே பிடுங்கத் தோன்றும். பிடுங்காதீர்கள். பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த முள்தான். ஓட்டை இருக்கும் இடம் தரைப் பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் பொறுங்கள். சீலண்ட் அங்கே தேங்கி அடைக்கும். அழுத்தம் கூடுதலாக இருந்தால் உறையுமுன்பே பாலைத் துப்பிக்கொண்டிருக்கும். அப்போது 30 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும்வரை விட்டு, அடைத்ததும் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிறகு காற்றை ஏற்றுங்கள்.

அதற்கும் நிற்காவிட்டால் முள்ளைப் பிடுங்கிவிட்டுப் பிளக். பசையுள்ள சிறு ரப்பர் திரியை ஊசியில் கோத்து ஓட்டைக்குள் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி விட்டு ஊசியை மட்டும் வெடுக்கென இழுப்பது. முக்கியமானது, டயரில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். முழுக்க இறங்கி டயர் விளிம்பு ரிம்மை விட்டு விலகிவிட்டால், கைப்பம்பால் மறுபடி ஏற்றி உட்காரவைப்பது பெரும்பாடு. அந்த ஒரு நிலைமைக்காகத்தான் 16 கிராம் கரியமில வாயுக் குப்பி. அதைத் திறக்கும்போது வால்வை மேல்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சில்லென்று பாயும் வாயு நேராகச் சீலண்டில் பட்டால் பால் திரிந்தது போலக் கட்டியாகிவிடும். கரியமில வாயு ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும் என்பதால், வீடு திரும்பியதும் அதை இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்றை நிரப்புங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, டியூப் எதற்கு? கண்ணாடித் துண்டோ கூர்ங்கல்லோ டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் சீலண்டும் நிற்காது, பிளக்கும் நிற்காது. பிறகு டியூப் ஒன்றுதான் வழி. டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டே மாட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்.

ஒன்று, வால்வு. டியூப் போட வேண்டுமானால் ரிம்மில் இருக்கும் டியூப்லெஸ் வால்வைக் கழற்றியாக வேண்டும். அதைப் பிடித்திருக்கும் வளைய நட்டைக் கடையில் இடுக்கி போட்டு இறுக்கியிருப்பார்கள், மேலே சீலண்ட் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். வெறும் கையால் நகராது. இன்றே சோதித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் வீட்டில் இடுக்கியால் கழற்றி, சுத்தம் செய்து, கையால் மட்டும் இறுக்கி வையுங்கள்.

இரண்டு, முள். முன்னே சொன்ன அத்தனை முள்ளும் டியூப்லெஸ்ஸாக இருக்கும்வரை தொல்லை தராது. டியூப்பை உள்ளே வைத்துக் காற்றடித்த மறு நிமிடம் அதே முட்கள் டியூப்பைக் குத்தும். எவ்வளவு அவசரமானாலும் துணியால் ஒரு சுற்றுத் தடவாமல் டியூப்பை வைக்காதீர்கள்.

டியூப்லெஸ் டயர் ரிம்மோடு மிக இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஏற்றும்போது கடைசிப் பத்து சென்டிமீட்டரில் மல்லுக்கட்டாதீர்கள். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் டயரின் இரு விளிம்புகளையும் அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்தால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடியுங்கள். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் டியூப்புக்கும் டயருக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். பழைய டயரில் வெட்டிய துண்டு நல்லது, தீர்ந்துபோன பற்பசைக் கூட்டை விரித்து வெட்டிய துண்டும் வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும்.

எந்த டியூப்? எடை குறைந்த டிபியூ (மெல்லிய பிளாஸ்டிக் வகை) டியூப்புகள் இப்போது கிடைக்கின்றன. நான் உங்களுக்குச் சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப்பையே சொல்வேன். டிபியூவுக்குத் தனிப் பேட்ச் வேண்டும். பியூட்டைல் டியூப்பை எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டித் தந்துவிடுவார்கள். டியூப்பைப் பவுடர் தூவி ஒரு பழைய சாக்ஸுக்குள் வையுங்கள். பையில் ஸ்பேனரோடு உரசியே ஓட்டையாகிவிடும் டியூப்புகள் நிறைய.

பஞ்சர் கடையிலிருந்து கிடைக்கும் உதவி இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக் டியூப்லெஸ்ஸுக்கு அவர்கள் வைத்திருக்கும் துளைக்கும் ஊசியும் தடித்த திரியும் உங்கள் டயருக்கு மிகப் பெரியவை, ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். அவர்களுடைய காற்றுக் குழாயும் நம் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. ஆனால் பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கிறது. வால்வின் நுனித் திருகைத் தளர்த்தி, இதை மேலே திருகினால் பெட்ரோல் பங்க் காற்றுகூடப் பிடிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் ரிம் கொக்கியில்லாத வகை (டயரைப் பிடித்துக்கொள்ளும் மடிப்பு உள்விளிம்பில் இல்லாதது) என்றால் 72 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது, டயர் கழன்று அடித்துவிடும்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு டியூப், பிளக் ஊசியும் நான்கைந்து திரியும், இரண்டு பிளாஸ்டிக் லீவர், பேட்ச்சும் சொல்யூஷனும், பம்ப், ஒரு வாயுக் குப்பியும் அதன் தலையும், வால்வின் உள்திருகு ஒன்று உபரியாக, அதைக் கழற்றும் சின்னச் சாவி, அடாப்டர், இடுக்கி, தடுப்புத் துண்டு, பழைய துணி, ஒரு ஜோடி ரப்பர் கையுறை. இதில் பம்ப்பை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். குப்பி ஒரு தடவை, பம்ப் எத்தனை தடவையும்.

200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம் தருகிறார்கள். ஒரு பஞ்சருக்கு இருபது நிமிடம் போனால் பாதகமில்லை. இரண்டு மணி நேரம் போனால் அன்றைய பயணமே தடுமாறிவிடும். அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்தைக் கழற்றி, பையில் உள்ள சாமான்களை மட்டும் வைத்து, டியூப் மாட்டிப் பாருங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் பரமக்குடி வெயிலில் ஆகாமல் வீட்டு வாசலில் ஆகட்டும்.

வழியில் டியூப் போட நேர்ந்தால், கழற்றிய டியூப்லெஸ் வால்வை வீசிவிடாதீர்கள், பத்திரமாக எடுத்து வாருங்கள். வீடு வந்த மறுநாள் டியூப்பை எடுத்துக் கழுவிக் காயவைத்து, டயரின் உட்புறத்தில் ஓட்டைக்கு நேராகப் பேட்ச் ஒட்டி, அதே வால்வை மாட்டி, சீலண்ட் ஊற்றினால் சக்கரம் பழையபடி டியூப்லெஸ் ஆகிவிடும். பக்கச்சுவரில் நூல் இழை அறுந்து வெளியே தெரிந்தால் மட்டும் பேட்ச்சை நம்பாமல் டயரை மாற்றிவிடுங்கள்.