மொட்டைமாடியில் கோணல் காய்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

புடலங்காய் சுருண்டு சுருண்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கல் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

தாராளமாகக் கட்டுங்கள். பிஞ்சின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வளர்வதால்தான் புடலை வளைகிறது. காய் ஒரு சாண் நீளம் வந்ததும் நுனியில் சின்னக் கல்லைத் தொங்கவிட்டால் நேராக இறங்கும். கல் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். நான் ஒருமுறை ஆசைப்பட்டு பெரிய இரும்பு நட்டைக் கட்டினேன். மறுநாள் காலையில் காயும் நட்டும் தரையில் கிடந்தன. நைலான் நூல் தோலை அறுக்கும். வாழைநாரோ, பழைய வேட்டியில் கிழித்த நாடாவோ நல்லது. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்று வாங்கும் மாடியாக இருந்தால் கல் ஊசலாடிப் பக்கத்துக் காயை இடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பந்தல் ஆறடியாவது இருக்கட்டும். காய் தரையில் முட்டினால் கல் கட்டியும் பிரயோஜனமில்லை. இந்த வம்பே வேண்டாம் என்றால் குட்டைப்புடலை விதை வாங்கிப் போடுங்கள்.

வெள்ளரிக்காய் காம்புப் பக்கம் பருத்து, நுனி சூம்பிப் போகிறது. விதை சரியில்லையா?
- திருவொற்றியூர் வாசகர்

விதையைத் திட்டாதீர்கள். மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்திருக்கிறது. காய்க்குள் எந்தப் பகுதியில் விதை பிடிக்கிறதோ, அந்தப் பகுதிதான் சதை வைக்கும். மூன்றாவது மாடிக்குத் தேனீ எப்போதாவதுதான் வரும், அதன் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரையும் புடலையும் சாயங்காலம் பூக்கிற ஜாதி. அவற்றுக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் போங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். ஒருநாள் காய்ந்து, மறுநாள் வெள்ளமாக இருந்தாலும் காய் கோணும். உங்கள் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மெட்ரோ வாட்டரோ, பிடித்துவைத்த மழைநீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

என் பையன் சதுர வெள்ளரிக்காய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். முடியுமா?
- பெரம்பூர் வாசகி

முடியும். ஜப்பானில் ஜென்ட்சுஜி என்ற ஊரில் தர்பூசணியையே பெட்டிக்குள் அடைத்துச் சதுரமாக வளர்க்கிறார்கள். அது அலங்காரத்துக்கு மட்டும்தான். பழுக்கும் முன்பே பறித்துவிடுவதால் ருசி இருக்காது. உங்கள் வெள்ளரியைச் சாப்பிடலாம். சுண்டுவிரல் அளவுப் பிஞ்சைக் கொடியிலிருந்து பறிக்காமலே, கெட்டியான சதுரப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விடுங்கள். காம்பு நசுங்காதபடி மூடியில் ஒரு வெட்டு, அடியில் நாலைந்து ஓட்டை. ஓட்டை போடாவிட்டால் உள்ளே வியர்த்து அழுகிவிடும். மெல்லிய தண்ணீர் பாட்டில் சரிவராது, காய் அதைத் தள்ளி உப்பவைத்துவிடும். நம் ஊர் வெயிலில் டப்பாவுக்குள் காய் வெந்துபோகும், அதனால் மேலே ஒரு துணியைப் போட்டு நிழல் கொடுங்கள். மூலைகள் நிறைந்த அன்றே பறித்துவிட வேண்டும். பையனுக்கு ஒன்றே ஒன்று போதாது, நாலைந்து டப்பா வையுங்கள்; எல்லாம் தேறாது.

முள்ளங்கிக்கு இரண்டு கால் முளைக்கிறது!
- வியாசர்பாடி வாசகர்

தொட்டி மண்ணைச் சலித்துப் பாருங்கள். வீடு கட்டிய இடத்து மண்ணாக இருந்தால் ஜல்லியும் செங்கல் துண்டும் வரும். வேர் அதில் முட்டித்தான் பிளக்கிறது. மக்காத சாணம் போட்டாலும், நாற்றைப் பிடுங்கி நட்டாலும் இப்படித்தான் ஆகும். ஒரு அடி ஆழத்துக்குப் பொலபொலவென்று மண் நிரப்பி, விதையை நேரடியாக ஊன்றுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்த மண்ணை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, குப்பைக் கிடங்கு ஓரத்திலோ தொழிற்சாலைச் சுவர் ஓரத்திலோ மண் அள்ளி வந்து காய்கறி போட வேண்டாம்.

தக்காளிக்கு மூக்கு வளர்ந்திருக்கிறது, சாப்பிடலாமா?
- ராயபுரம் வாசகி

சாப்பிடலாம். பூவில் ஒரு சூலறை, அதாவது விதை உண்டாகும் அறை, கூடுதலாக உருவாகியிருக்கும், அவ்வளவுதான்.

கோணலான சுரைக்காயைச் சமைத்தால் ஆபத்தா?
- எண்ணூர் வாசகர்

கோணலால் ஒன்றும் ஆகாது. கசப்புதான் ஆபத்து. நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். கூட்டாகவோ ஜூஸாகவோ எதுவாக்கினாலும், எவ்வளவு வேகவைத்தாலும், கசப்பில் இருக்கும் நஞ்சு போகாது. தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.