கவசமும் கணக்கும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமெண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் எங்கள் அறையில்தான் தயாராகும். மொத்தம் எட்டுப் பேர். அதில் மூத்தவர் ஒரு அக்கா. எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான். காலையில் வந்ததும் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் பாட்டுப் போடுவார். முன்பெல்லாம் செல்போனில் மெதுவாகக் கேட்கும். மகன் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொடுத்த பிறகு அறை முழுக்கக் கேட்கிறது. முதலில் கந்த சஷ்டி கவசம், அப்புறம் அம்மன் பாட்டு, பெருமாள் பாட்டு என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஓடும்.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். செவ்வாய்க்கிழமை விரதம் உண்டு. ஆனால் பாட்டு ஓடும்போது என்னால் நம்பர் சரிபார்க்க முடியவில்லை. போன மாதம் சரக்கு என்ன வகை என்று குறிக்கும் கோடில் 6109 வர வேண்டிய இடத்தில் 6110 போட்டு, அது ஷிப்பிங் பில் திருத்தம் வரைக்கும் போய்விட்டது.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. எங்கள் அறையில் ஒரு முஸ்லிம் பையன் இருக்கிறான். அக்கா லீவு போட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தன் செல்போனில் நாகூர் ஹனிபா பாட்டு ஒன்றை மெதுவாகப் போட்டான். 'ஆபீஸ்ல இதெல்லாம் வேண்டாம் தம்பி' என்றார் ஒருவர். அவன் சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டான். நானும் பேசாமல்தான் இருந்தேன். பிறகு கேட்டதற்கு, 'பரவால்லீங்க்கா' என்றான்.

சாமி பாட்டை நிறுத்தச் சொல்வது பாவமா? அக்காவிடம் எப்படிப் பேசுவது? நேராக மேனேஜரிடம் போய்விடலாமா?

எஸ்.,
திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பாவக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அதில் நிற்கிற வரைக்கும் நீங்கள் அக்காவிடம் வாயைத் திறக்கப் போவதில்லை.

கவசத்தைக் காது கொடுத்துக் கேட்டிருப்பீர்கள். தலையிலிருந்து கால்விரல் வரை ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லி, இதை வேல் காக்கட்டும், அதை வேல் காக்கட்டும் என்று போகும். பல் முப்பத்திரண்டு, விலா பதினாறு என்று எண்ணிக்கைகூட வரும். அதே நேரத்தில் உங்கள் முன்னால் இருப்பது இன்னொரு பட்டியல்: கார்ட்டன் எத்தனை, ஒரு கார்ட்டனுக்கு எத்தனை பீஸ், எட்டு இலக்கக் கோடு. இரண்டு பட்டியலை ஒரே மூளையில் ஓட்டினால் ஒன்று தடுக்கத்தான் செய்யும். உங்களுக்குப் பாட்டு மனப்பாடம் வேறு. ஒரு அடி காதில் விழுந்ததும் அடுத்த அடியை உள்ளே வாய் தானாக எடுத்துக்கொடுக்கும்.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எண் வரிசை ஒன்றைக் காட்டி, பின்னால் பாட்டை ஓடவிட்டு, பிறகு அந்த எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள் சலாமே, பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள். 1989-ல் வந்த ஆய்வு. வெறும் வாத்திய இசையை விட, வாய்ப்பாட்டு ஓடியபோதுதான் தவறு அதிகம். அதற்கு முன்பே, 1976-ல், பின்னணியில் புரியாத மொழியில் யாராவது பேசிக்கொண்டிருந்தால்கூட நினைவு தடுமாறுகிறது என்று வேறு இருவர் காட்டியிருந்தார்கள். ஆகவே 6110 விழுந்தது உங்கள் பக்திக் குறைவால் அல்ல. முருகனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

'கீழே தையல் செக்‌ஷனில் நாள் முழுக்க சினிமாப் பாட்டு ஓடுதே, அங்கே யாருக்கும் கஷ்டமில்லையே' என்று அக்கா கேட்கலாம். நியாயமான கேள்விதான். கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்தில் பாட்டு உதவும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1940-ல், பிபிசி தொழிற்சாலைகளுக்கென்றே தனி இசை நிகழ்ச்சி தொடங்கியது. அதிலும் பெரும்பாலும் வாத்திய இசைதான். கூடவே கைதட்ட வைக்கிற பாட்டு ஒன்றை அதில் போடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுத் தாளம் போட ஆரம்பித்துவிடுவார்களாம். நம் ஊர் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் வேலையோடு பிறந்தவைதான். ஆனால் அங்கே வேலை செய்கிறவர்தான் பாடுகிறார். வயலில் ஒருத்தி உட்கார்ந்து ஸ்பீக்கர் போட, மற்றவர்கள் குனிந்து நட்டுக்கொண்டிருக்கவில்லை.

சட்டம் ஏதாவது கைகொடுக்குமா என்று யோசிப்பீர்கள். அவ்வளவாக இல்லை. சென்னையில் குடியிருப்புப் பகுதி ஒன்றில் இருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் அது தெருவுக்கு. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் தனியார் அறைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு போனால், நீங்கள் ஜெயித்தாலும் அக்கா போய்விடுவார். அரசு அலுவலகங்களுக்கு 1968-லேயே, அண்ணா முதல்வராக இருந்தபோது, சாமி படங்களை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போயிற்று. அதற்கு எவ்வளவு பலன் என்பதை ஆயுத பூஜையன்று ஏதாவது தாலுகா ஆபீஸ் பக்கம் போனால் பார்த்துக்கொள்ளலாம். சுற்றறிக்கையால் தீர்கிற சங்கதி இல்லை இது.

இப்போது அக்கா. அவர் ஏன் ஸ்பீக்கரில் போடுகிறார்? நானாக ஊகிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம். விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற பெண்ணுக்கு வீட்டில் சாமி முன்னால் ஐந்து நிமிடம் உட்காரக் கிடைக்காது. ஆபீஸுக்கு வந்து பூ வைக்கிற அந்த நேரம்தான் அவருடைய பூஜை நேரம். இன்னொன்று, நாலு பேர் காதில் சாமி பேர் விழுந்தால் நல்லதுதானே என்று அவர் மனதார நம்புவார். உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து பிரசாதம் கொடுக்கிற மனசுதான். பிரசாதத்தை ஆளுக்கு ஆள் கையில் கொடுக்கிறோம். வேண்டியவர் வாயில் போட்டுக்கொள்வார், வேண்டாதவர் கண்ணில் ஒற்றி மேஜையில் வைத்துவிடுவார், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் அந்த வசதி இல்லை.

அந்த வசதி எவ்வளவு பெரியது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் செய்து, 1972-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார்கள். ஸ்பானிஷில் இருவர் பேசுவது, ஆர்மீனிய மொழியில் ஒருவர் பேசுவது, டைப்ரைட்டர், கணக்குப் பொறி, நகலெடுக்கும் மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஆட்களின் காதில் விட்டார்கள். ஒரு சாராரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, 'தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது' என்றார்கள். பிறகு எல்லோரையும் எழுத்துப்பிழை திருத்தும் வேலையில் உட்கார வைத்தார்கள். பொத்தானை அழுத்தாமலே இருந்தவர்கள்கூட, பொத்தானே இல்லாதவர்களை விட நன்றாக வேலை செய்தார்கள். காதில் விழுந்த சத்தம் இரண்டு சாராருக்கும் ஒன்றேதான்.

உங்கள் அறையில் பொத்தான் ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. நீங்கள் பேச வேண்டியது அதைப் பற்றி மட்டும்தான். பாட்டைப் பற்றியோ, சாமியைப் பற்றியோ, பக்தியை வீட்டோடு வைத்துக்கொள்வது பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம்.

எப்போது பேசுவது என்பதில் கவனமாக இருங்கள். பாட்டு ஓடும்போது வேண்டவே வேண்டாம். கவசத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னால் அது அபசகுனமாகிவிடும்; அப்புறம் அவர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உங்கள் முகம்தான் ஞாபகம் வரும். சாயங்கால டீ நேரத்தில், அவர் மட்டும் இருக்கும்போது, போன மாதத் திருத்தத்திலிருந்து ஆரம்பியுங்கள். 'அக்கா, அந்த 6110 சங்கதி இன்னும் எனக்கு மனசுல உறுத்துதுங்க்கா. நம்பர் பாக்கறப்ப பாட்டு காதுல விழுந்தா நானும் கூடவே பாடிக்கிட்டுப் போயிடறேன். பத்து மணி வரைக்கும் பாட்டு ஓடட்டும், அதுக்கப்புறம் ரூம்ல யாருமே ஸ்பீக்கர் போட வேண்டாம்னு வெச்சுக்கலாங்களா?' இவ்வளவு போதும்.

'யாருமே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எட்டுப் பேர் இருக்கிற அறையில் ரீல்ஸ் சத்தமாக ஓடவிடுகிறவர் ஒருவராவது இருப்பார், வாய்ஸ் மெசேஜை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறவர் இருப்பார், கிரிக்கெட் சீசனில் கமெண்டரி கேட்கிறவர் இருப்பார். அக்காவுக்கே அதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். விதி ஸ்பீக்கருக்கு என்று ஆகிவிட்டால் அதைக் காப்பாற்றுகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். பத்து மணிக்கு மேல் கேட்க வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்ளலாம். மேனேஜர் கூப்பிட்டால் இன்னொரு காதில் கேட்கும்.

அந்தப் பையனை மட்டும் இந்தப் பேச்சுக்குள் இழுக்காதீர்கள். 'அவனுக்கும் கஷ்டமா இருக்கும்ல' என்று நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை விட்டால் போதும், மறுநாளே 'அந்தத் தம்பிதான் சொல்லச் சொல்லியிருக்கான்' என்று ஆகிவிடும். அவன் கேட்டால் அதற்கு ஒரு அர்த்தம் எடுப்பார்கள். விரதம் இருக்கிற நீங்கள் கேட்டால் அந்த அர்த்தம் எடுக்க வழியில்லை. யார் கேட்டால் சேதம் குறைவோ அவர் கேட்பதுதான் முறை. அந்த அறையில் அது நீங்கள்தான். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு சேர்த்தவை.

'ஆபீஸ்ல இதெல்லாம் வேண்டாம்' என்று சொன்னவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அக்காவின் பாட்டு தினமும் சாப்பாட்டு நேரம் வரை ஓடியபோது அவர் காதில் மதம் எதுவும் விழவில்லை. ஹனிபாவின் குரல் ஒரு வெள்ளிக்கிழமை மெதுவாகக் கேட்டதும் விழுந்துவிட்டது. ஹனிபாவின் பாட்டை இந்து வீடுகளிலும் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கழக மேடைகளில் அவர் குரல் கேட்காத ஊர் குறைவு. அந்தக் குரலுக்கே இதுதான் நிலைமை என்றால் 'பரவால்லீங்க்கா' என்பதைத் தவிர அவன் என்ன சொல்ல முடியும்? அவனிடம் போய் மறுபடி துருவாதீர்கள், மன்னிப்பும் கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம். அடுத்த முறை அப்படி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே, 'நல்ல பாட்டுத்தானுங்களே, பத்து மணி ஆகலியே, ஓடட்டும்' என்று சொல்லுங்கள்.

மேனேஜரிடம் போவது கடைசி வழி. போனாலும் கையில் ஷிப்பிங் பில் திருத்தத்தோடு போங்கள், மதப் பேச்சோடு போகாதீர்கள். முதலாளியே காலையில் விளக்கேற்றிவிட்டு உட்காருகிறவராக இருக்கலாம். அவருக்கும் திருத்தம் என்றால் புரியும். ஆனால் ஒன்று, மேனேஜர் சமரசம் என்று சொல்லி, ஆளுக்கொரு நாள், மதத்துக்கொரு பாட்டு என்று முறை வைக்கப் பார்ப்பார். பார்க்க அழகாக இருக்கும், ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரம் முழுக்க நம்பர் தவறும். யார் எந்த மதம் என்று ஒரு வருகைப் பதிவேடும் தொடங்கிவிடும். எதையும் கும்பிடாதவர் ஒருவர் அறையில் இருந்தால் அவருக்கு எந்தக் கிழமை? அந்தப் பையனும் தனக்கு ஒரு நாள் ஒதுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அக்கா முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், இரண்டு நாள் டீ குடிக்கக் கூப்பிட மாட்டார். வேலை கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளே பழைய வழக்கத்தில் பத்தரை வரை ஓடினாலும் உடனே மணியைக் காட்டாதீர்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

எப்படியும் ஆடி பிறப்பதற்குள் பேசிவிடுங்கள். ஆடி மாதத்தில் அம்மன் பாட்டை நிறுத்தலாமா என்று கேட்க உங்களுக்கும் வாய் வராது, கேட்டாலும் அக்காவுக்குக் காதில் விழாது.

அன்புடன்